இரண்டு குறி சுட்ட கன்று

மாட்டுக்குக் குறி சுடுவது பாவம் என்கிறாள் என் மகள். பாவம்தான். வெந்த மயிரும் தோலும் சேர்ந்து கிளம்பும் அந்த மணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்காது. ஆனால் நெடுந்தீவில் நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் மாடுகளைக் கட்டி வளர்த்தவர் யார்? கறவை மாடு மட்டும் பொழுதுபட வீட்டுக்கு வரும். மற்றதெல்லாம் தரவையில், அந்தப் பெரிய வெட்டைவெளியில், எல்லார் வீட்டு மாடும் கலந்து மேயும். குறி இல்லாவிட்டால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? என் வயதுக்காரர் நீங்கள் இன்று கொழும்பிலும் கனடாவிலும் முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பீர்கள். உங்கள் வீட்டுக் குறி என்னவென்று திடீரென்று கேட்டாலும் விரலால் காற்றில் கீறிக் காட்டிவிடுவீர்கள். சொந்தப் பேரப்பிள்ளையின் பிறந்தநாளைக் கேட்டால்தான் யோசிப்பீர்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குறி சுடுகிறவர் என் பெரியப்பா. அப்பாவின் தமையன். மாரி மழை ஓய்ந்து தரவையில் புல் தழைத்து நிற்கும் நாட்களில், கல் அடுக்கிய பட்டிக்குள் கன்றுகளை ஓட்டிச் சாய்த்து வந்து அடைப்பார்கள். காய்ந்த பனங்கொட்டை ஊமலைக் குவித்து நெருப்பு மூட்டுவார்கள். வீட்டுக்கொரு குறிக்கம்பி. அவற்றோடு பெரியப்பாவின் குசினிச் சுவரில் ஒரே ஆணியில் வேறு இரண்டு கம்பிகளும் தொங்கும். ஒன்றின் நுனியில் சூலம், மற்றதன் நுனியில் சிலுவை. அம்மன் கோயிலுக்கு நேர்ந்த கன்றுக்குச் சூலம். அந்தோனியார் கோயிலுக்கு நேர்ந்ததற்குச் சிலுவை. அந்தக் குறி விழுந்த மாட்டை அதற்குப் பிறகு யாரும் கட்டவோ கறக்கவோ விற்கவோ கூடாது. கோயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு அவிழ்த்துவிட்டால் அது சாமியின் மாடு. யாருடைய வேலியைப் பிரித்துத் தின்றாலும் ஒரு தடியால் தொடமாட்டார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும், அது இந்தக் கதைக்கு முக்கியம். எந்த மாட்டுக்கும் ஒரு குறிதான். இரண்டு குறியோடு ஒரு மாடு தரவையில் நின்றால், ஒருவர் மாட்டை இன்னொருவர் திருடி மேலே தன் குறியைச் சுட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதை வைத்திருக்கிறவன் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவே ஒரு கல்வேலி. கடல் கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய வேலி. மாமி சொந்த மாமி இல்லை. அவர்கள் அந்தோனியார் கோயிலுக்குப் போகும் வேதக்காரர், நாங்கள் சைவம். ஆனால் வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது, நாள் முழுக்க நாங்கள் அதற்குள்ளால் போய் வருவோம். அப்பா தெற்கே ஒரு கடையில் வேலை, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் முகம் காட்டுவார். மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. என் தம்பி பிறந்து அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவனைக் குளிப்பாட்டி, வசம்பு உரைத்துக் கொடுத்து, மார்பில் போட்டுத் தூங்கவைத்தவர் மாமிதான். அவனுக்கு மூன்று வயதானபோதும் மத்தியானத் தூக்கம் மாமியின் பாயில்தான். மாமியின் சேலையில் கருவாடும் மெழுகுதிரியும் சேர்ந்து மணக்கும். அந்த மணம் இல்லாமல் அவன் கண் மூடமாட்டான்.

எங்கள் பசு ஒன்றை மாமி பங்குக்கு வளர்த்தார். வெள்ளைச்சி என்று பெயர். மாடு எங்களுடையது, பராமரிப்பு மாமியுடையது, பால் ஆளுக்குப் பாதி. கன்று போட்டால் ஒன்று எங்களுக்கு, அடுத்தது மாமிக்கு. முதல் கன்றை நாங்கள் எடுத்தோம். இரண்டாவது செத்துப் பிறந்தது. மூன்றாவது ஒரு நாகு, அதாவது பெண் கன்று. செம்பட்டை உடம்பு, நெற்றியில் சந்தனம் வைத்த மாதிரி வெள்ளை. அது யாருடையது? செத்தது மாமியின் முறைக் கன்று, ஆகவே இது எங்களுடையது என்பது அம்மாவின் கணக்கு. செத்துப் பிறந்தது கன்றே இல்லை, ஆகவே இதுதான் என் முறை என்பது மாமியின் கணக்கு. ஒருவரிடம் ஒருவர் வாய் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இருவருமே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள்.

அந்த மாரியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மல்லித் தண்ணீர் கொடுத்தோம். பிறகு அப்போதிக்கரி வந்து பார்த்தார். தீவு மருந்தகத்தில் அப்போது இருந்தவர் அவர் ஒருவர்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, "ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டு போகவேணும்" என்றார். எப்படிக் கொண்டுபோவது? வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

தம்பி கண்ணைத் திறந்து எங்களைப் பார்ப்பான், ஆனால் எங்களைத் தெரியாது. அம்மா ஈரச் சேலையோடு முற்றத்தில் நின்று அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது. "அம்மாளே, வெள்ளைச்சியின்ர கண்டை உனக்குத் தாறன். என்ர பிள்ளையை எனக்குத் தா." அதே நாள் பின்னேரம் மாமி தலையில் சேலையைப் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் எங்கோ போனதையும் கண்டேன். கரைக்கு மீன் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வள்ளமே போகாத நாளில் என்ன மீன் என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு.

காய்ச்சல் விட்டது. எலும்பும் தோலுமாக எழும்பி உட்கார்ந்து, "சோறு" என்றான். அம்மாவும் மாமியும் ஆளையாள் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு பேரும் நேர்ந்ததைப்பற்றி அப்போது ஒரு சொல் சொல்லவில்லை. நேர்ந்ததை நிறைவேற்றும் முன்பு பறையடிக்கக்கூடாது என்று எங்களிடமும் ஒரு நம்பிக்கை, அவர்களிடமும் அதே நம்பிக்கை.

குறி சுடும் நாள் வந்தது. எங்கள் முறை வர, அம்மா பெரியப்பாவிடம், "அத்தான், உந்த நாகுக்குச் சூலம்" என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து மாமி முன்னுக்கு வந்தார்.

"இல்லை அண்ணை. அது என்ர பங்குக் கண்டு. சிலுவை போடுங்கோ."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்த கன்றின் கணக்கு அப்போதுதான் வெளியே வந்தது. இருவரும் பேசப் பேசக் குரல் ஏறியது. "சிலுவையோ? என்னத்துக்கு நேர்ந்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார். மாமி நிலத்தைப் பார்த்தார். பிள்ளை இல்லாத பெண் எதற்கு நேர்வாள் என்று பட்டியைச் சுற்றி நின்றவர்கள் தங்களுக்குள் முடிவுகட்டி முடித்திருந்தார்கள். அம்மாவும் அதைத்தான் நினைத்தார். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

"என்ர பிள்ளையின்ர உயிருக்கெண்டு நேர்ந்த கண்டைக் கொண்டுபோய் உங்களுக்குப் பிள்ளை கேக்கிறியளோ?"

நெருப்பில் ஊமல் வெடித்தது. மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டையால் நடந்து போனார். பெரியப்பா இரண்டு கம்பிகளையும் மண்ணில் குத்தி ஆறவைத்துவிட்டு, "ஞாயம் தீர்ந்தாப் பிறகு வாருங்கோ" என்று கன்றைத் திருப்பி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, வேலிப் பொட்டைக் கல் வைத்து அடைத்தது. மத்தியானம் தம்பி அந்தக் கல்லோடு நின்று, "மாமி, மாமி" என்று தொண்டை கிழியக் கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய கோழிகள் கொக்கரித்தன. அவர் மட்டும் சத்தம் காட்டவில்லை. அழுது அழுது கடைசியில் தம்பி வெறும் நிலத்தில் தூங்கிப்போனான். அம்மா அவனைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு சண்டை பிடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெரு ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். மாமி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். தம்பிக்கென்று நாள்தோறும் காய்ச்சுகிற அதே அரிசிக் கஞ்சி.

"மாமி, உங்களுக்குப் பிள்ளை பிறக்கப்போகுதோ?" என்று கேட்டேன்.

மாமி அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எனக்கெண்டு ஒண்டும் கேக்கேல்லையடி. அவனுக்காகத்தான் நேர்ந்தனான்."

"அப்ப அதை ஏன் சொல்லேல்லை?"

"சனத்துக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது? சைவப் பிள்ளைக்கு வேதக்காறி நேர்ந்து பிழைக்கவைச்சவள் எண்டு ஊர் கொம்மாவைப் பகிடி பண்ணும். போ. போய்க் கொம்மாவிட்டைச் சொல்லிப்போடாதை."

சொல்லாமல் இருக்கிற பிள்ளையா நான்? ஓடிப்போய் அம்மாவிடம் ஒரு மூச்சில் சொன்னேன். அம்மா உருகிப்போவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கையிலிருந்த சுளகைத் தூக்கி எறிந்தார்.

"என்ர பிள்ளைக்கு நேர அவ ஆர்? பெத்தவள் நான் செத்தோ போனனான்?"

அது பொறாமை. இன்று நானும் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள், எனக்கு அது விளங்குகிறது. சாமி ஒன்றா இரண்டா என்பதல்ல அம்மாவின் பிரச்சினை. தன் பிள்ளைக்காகத் தன்னைப்போலவே இன்னொருத்தியும் பயந்திருக்கிறாள், தன்னைப்போலவே மழையில் நனைந்து கெஞ்சியிருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது தெரியவே இல்லை.

இதற்குள் தம்பியின் உடம்பு மறுபடி லேசாகச் சுடத் தொடங்கியது. வெயிலில் கத்தியதாலும், நான் பறித்துக் கொடுத்த ஈச்சங்காயாலும் இருக்கலாம் என்று இப்போது சொல்வேன். அன்று அப்படி யார் நினைப்பார்கள்? நேர்ந்த கன்று குறியில்லாமல் நிற்கிறது, பிள்ளையின் உடம்பு சுடுகிறது. அதனால்தான் இது என்று அம்மா அடித்துச் சொன்னார். ஈரத் துணியோடு நான் சுற்றி வந்ததை எங்கிருந்தோ பார்த்த மாமிக்கும் அதே பயம் பிடித்தது. அம்மா கோயில் ஐயரிடம் ஓடினார். மாமி கோயில் சுவாமியாரிடம் ஓடினார். ஆம், எங்கள் ஊரில் இரண்டுக்கும் கோயில் என்றுதான் பெயர்.

ஐயரும் நல்ல மனிதர், சுவாமியாரும் நல்ல மனிதர். அதுதான் வில்லங்கமாகப் போயிற்று. "அம்மாளுக்கு மாடு இல்லையெண்டு குறையோ? அதை அவைக்கே விட்டிடும். நீர் ஒரு அபிஷேகம் செய்து போட்டுப் பேசாமல் இரும்" என்று ஐயர் அம்மாவைத் திருப்பி அனுப்பினார். "அந்தோனியார் வழக்குப் பேசி மாடு வாங்கிறவர் இல்லை. அந்த வீட்டுக்கே விட்டுக் குடுங்கோ, பூசை ஒண்டு ஒப்புக்குடுத்தால் போதும்" என்று சுவாமியார் மாமியைத் திருப்பி அனுப்பினார். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்தால் ஊர் அமைதியாக இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. ஒரு தாய் நேர்ந்ததை இன்னொருவர் விட்டுக்கொடுக்க முடியாது என்பது அந்தப் படித்த மண்டைகளில் ஏறவில்லை. இப்போது கன்றை இரண்டு கோயிலும் வேண்டாம் என்றுவிட்டன, பயம் மட்டும் இரண்டு வீட்டிலும் கூடிவிட்டது.

பின்னேரம் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் வந்தார். மாமி அந்தப் பக்கம் கோழிகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டு நின்றார். கோபித்தவர்கள் நேரே பேசுவார்களா? நடுவில் நான்.

"பிள்ளை, ஐயர் கண்டு வேண்டாமாம் எண்டு மாமியிட்டைச் சொல்லு" என்றார் அம்மா, ஊருக்கே கேட்கிற குரலில்.

நான் வாயைத் திறக்கும் முன்பே மாமி, "சுவாமியாரும் வேண்டாமாம் எண்டு கொம்மாவிட்டைச் சொல்லு" என்றார்.

அம்மாவுக்குத்தான் முதலில் பொங்கியது. "வேண்டாமெண்டு சொல்ல அவர் ஆர்? நான் அவரிட்டையோ நேர்ந்தனான்?"

"அதைத்தான் தங்கச்சி நானும் கேட்டுப்போட்டு வந்தனான்!" என்றார் மாமி.

எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. இருவரும் சேர்ந்து ஐயரையும் சுவாமியாரையும் ஏசினார்கள் பாருங்கள், அப்படி ஒரு ஒற்றுமையை நான் அதற்குப் பிறகு எந்தச் சமய மாநாட்டிலும் காணவில்லை. எல்லாச் சாமியும் ஒன்றுதான் என்று எங்கள் ஊரில் யாரும் பேசியதில்லை. அம்மனும் அந்தோனியாரும் ஒருவர்தான் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே அடிக்க வந்திருப்பார்கள். ஆனால் சாமியிடம் சொன்ன சொல் சொல்தான், அதில் சாமியின் தரகருக்கு வேலை இல்லை என்பதில் அவர்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை.

ஏசி முடிந்ததும் அம்மாவின் குரல் இறங்கியது. "தொட்டுப் பாருங்கோ அக்கா. சுடுதோ?"

மாமி வேலிக்கு மேலால் கையை நீட்டி, புறங்கையைத் தம்பியின் கழுத்தில் வைத்தார். "ஓம். கொஞ்சம் சுடுகுது."

அம்மா பொட்டில் அடைத்த கற்களைத் தானே பிடுங்கி எறிந்தார். ஒரு கல் அவர் பெருவிரலில் விழுந்து நகம் கறுத்துப் போயிற்று. அப்படியே நொண்டிக்கொண்டு, மாமியோடு கன்றையும் இழுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார்.

"ரெண்டையும் போடுங்கோ அத்தான்."

பெரியப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "ஒரு மாட்டில ரெண்டு குறியோ? உங்களுக்கென்ன விசரே? களவு மாடெண்டு சொல்லுவினம். குறி சுட்டவன் ஆரெண்டு என்னையும் கேப்பினம்."

"ஆர் களவெடுத்ததெண்டு கேட்டால், நாங்கள் ரெண்டு பேரும் எண்டு சொல்லுங்கோ" என்றார் மாமி.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினார். அவர் முணுமுணுத்துக்கொண்டே நெருப்பை மூட்டினார். இரண்டு கம்பிகளையும் ஒன்றாகவே வைத்தார். எது முதலில் என்று இனி ஒரு சண்டை வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். "எது முதல்ல சிவக்குதோ அது முதல்" என்றார். எது முதலில் சிவந்தது என்று நான் பார்க்கவில்லை, கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தேன். கன்று கதறியது இரண்டு தரமும் கேட்டது. பிறகு மாமி புண்ணில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூச, அம்மா கன்றின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்தார். இடது தொடையில் சூலம், வலது தொடையில் சிலுவை.

அடுத்த நாள் காலை அம்மன் கோயிலுக்குப் போனோம். கயிற்றை மாமி பிடித்திருந்தார். ஐயர் கன்றின் வலப்பக்கம் போகாமல் கவனமாக இடப்பக்கத்திலேயே நின்றுகொண்டார். கன்றுக்குத் திருநீறு, தம்பிக்குத் திருநீறு, அம்மாவுக்கு, எனக்கு. மாமிக்கு முன்னால் வந்ததும் அவர் கை தயங்கியது. "எனக்கும் தாங்கோ ஐயா. நானும் கண்டோடதான் வந்தனான்" என்று மாமி கையை நீட்டினார். வாங்கிய திருநீற்றைச் சேலைத் தலைப்பின் நுனியில் முடிந்துகொண்டார்.

அங்கிருந்து அந்தோனியார் கோயில். கன்றை வாசல் மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போனோம். அம்மாவுக்கு எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியவில்லை. "முழங்காலில நிக்கவேணுமோ அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "நீ பெருவிரலோட கஷ்டப்படாதை, நில்" என்று சொல்லிவிட்டு மாமி முழந்தாளிட்டார். தம்பி ஓடிப்போய் மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். மாமியின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பட்டியில் எல்லாருக்கும் முன்னால் அம்மா சொன்ன அந்தச் சொல்லுக்கு அம்மா இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

பீடத்தில் மண்ணிறச் சட்டையோடு அந்தோனியார் சுருவம் நின்றது. கையில் ஒரு குழந்தை.

தம்பி அதைக் காட்டி, "அது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டான்.

"ஆண்டவற்ற பிள்ளையடா" என்றார் மாமி. "அவர் சும்மா தூக்கி வைச்சிருக்கிறார்."

அம்மா மாமியைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எங்கள் கோயிலில் கும்பிடுவதுபோலவே இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தார். அந்த அமைதியான இடத்தில் அவருடைய குரல் சுவரில் போய் முட்டியது.

"அந்தோனியாரே! இவ தன்ர பிள்ளைக்கெண்டு நேர்ந்த கண்டு வாசலில நிக்குது. கொண்டுவந்திட்டா. ஏற்றுக்கொள்ளும்."

மாமி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை, சேலையை விலக்கி உள்ளே முகத்தைத் தேடினான். அம்மா அதைப் பார்த்தார். பிறகு, "வாங்கோ அக்கா, பிள்ளைக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவனை வாங்கக் கை நீட்டாமலே முன்னால் நடந்தார்.